மூலையில் நிற்பவன்

ஜனவரி 8

இன்று ஒரு முழுப் பக்கம் எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நூலகத்தில் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் மிஸ் ப்ரேதர் சொன்னார்: "தினமும் எழுதுங்க மிஸ்டர் டாலிவர். யாரும் திருத்த மாட்டோம். உங்களுக்கே எழுதிக்குங்க." எழுபத்தாறு வயதில் எனக்கு நானே பேசிக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. குதிரை லாயத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்போது குதிரை கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது காகிதம்.

மெதுவாகத்தான் வருகிறது. ஒவ்வொரு எழுத்தும் காலூன்றி நின்ற பிறகுதான் அடுத்ததைக் கொண்டுவருகிறேன். ஆனாலும் என்ன ஒரு சந்தோஷம்.

நேற்று நம் லூயிவில் கூடைப்பந்து அணி நூற்று முப்பத்தொரு புள்ளி அடித்து ஜெயித்தது. என் மகன் எமரி பாதி ஆட்டம் களத்தில் இருந்தான். பந்து அவன் கைக்கு எட்டு, பத்து தடவை வந்திருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் மூலையில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, கையை விரித்துக்கொண்டு நின்றான். காலைச் சாப்பாட்டின்போது மருமகள் கொரின் சொன்னாள்: "நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு மாமா உங்க மகன்." நான் சிரித்தேன். எமரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்பெல்லாம் தொண்ணூறு அடித்தால் ஜெயித்த ஆட்டம் இது. எங்கிருந்து வருகிறது இத்தனை புள்ளி?

ஜனவரி 11

காபிக் கடை வாசலில் எழுதியிருந்ததை நின்று முழுவதும் வாசித்தேன். ஏழு வகை காபி இருக்கிறது அங்கே. இத்தனை வருடமாக ஒன்றையே குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 15

குடும்பத்தார் பயிற்சி அரங்குக்கு வரலாம் என்று சொன்ன நாள். போனேன். இதை நிதானமாக எழுத வேண்டும்.

தரையில் ஒரு பெரிய பகுதியைச் சாம்பல் நிற நாடா ஒட்டி அடைத்திருக்கிறார்கள். வளையத்துக்கு அருகே விட்டுவிட்டார்கள். மூன்று புள்ளி வளைவுக்கு வெளியேயும் விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் முழுக்க நாடா. பையன்கள் அதைக் கல்லறை என்கிறார்கள். பயிற்சியில் யாராவது கல்லறையிலிருந்து பந்தை எறிந்தால், போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, மறுநாள் காலை எல்லாருக்கும் அவன்தான் டோனட் வாங்கி வர வேண்டும்.

எமரி பதினோரு வருடம் பிழைத்தது அந்த இடத்தில்தான். முதுகைக் காட்டி, தோளால் ஒரு பொய் சொல்லி, திரும்பி எறிவான். "என் வீட்டு மேல நாடா ஒட்டிட்டாங்கப்பா" என்றான். பக்கத்தில் நின்ற ரஷாத், "முதல் மாசம் தெனமும் இவன் டோனட்தான் பெரியவரே. எங்க எல்லாருக்கும் தொப்பை போட்டுருச்சு" என்றான். ரஷாத் எமரியைப் போலவே இன்னொரு மூலையில் நிற்கிறவன். இருபத்தாறு வயது. எங்கள் வீட்டில் வான்கோழி சாப்பிட வந்து, எலும்பைக்கூட விடாமல் தின்றவன்.

எதற்கு இப்படி என்று கேட்டேன். எமரி என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மூலையில் நிறுத்தினான்.

"இங்க நில்லுங்க."

"நின்னு?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. அதான் வேலை."

ரஷாத்தை எனக்குக் காவலாக நிறுத்திவிட்டு, எமரி பந்தைத் தட்டிக்கொண்டு வளையத்தை நோக்கிப் போனான். ரஷாத் அவனைத் தடுக்க ஓரடி எடுத்து வைத்தான். உடனே பந்து என் நெஞ்சுக்கு வந்தது. ரஷாத் சடாரென்று திரும்பி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்மேல் பாய்ந்து வந்து நின்றான். அவன் காலணி தரையில் போட்ட கீச்சொலி இன்னும் காதில் இருக்கிறது.

"பாத்தீங்களா?" என்றான் எமரி. "நான் உள்ள போனா ரெண்டு. நீங்க இங்கருந்து போட்டா மூணு. அவன் யாரை விடுவான்? நடுவுல நின்னு ரெண்டு தடவை எறிஞ்சு ஒண்ணு போட்டாலே அந்தக் காலத்துல ராஜா. தூரத்துலேருந்து மூணு தடவை எறிஞ்சு ஒண்ணு போட்டா அதே கணக்கு வந்துருது. அப்புறம் நடுவுல என்ன வேலை? இப்ப ஏழடி ஆளுகூட தூரத்துலேருந்து போடுறான். அஞ்சு பேரும் அஞ்சு பக்கம் விரிஞ்சு நின்னா, நடுவுல வாசக்கதவைத் தொறந்து வெச்ச மாதிரி. உள்ள போறவன் போய்க்கிட்டே இருக்கலாம்."

"அப்ப நான் பயமுறுத்துறதுக்கு நிக்கிறேன்."

"நீங்க போடுவீங்கன்னு அவன் நம்புறான் பாருங்க, அதுக்கு நிக்கிறீங்க."

நான் எறிந்தேன். வலையைக்கூடத் தொடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஒரு தொழில்முறை அணியின் தரையில் நின்று பந்து எறிந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் கை துள்ளுகிறது.

இன்னொன்று. எமரி இரண்டு கெண்டைக்காலிலும் கறுப்பு உறை மாட்டியிருந்தான். முன்பு மாட்டியதில்லை. கேட்டேன். குளிர் என்றான். அரங்குக்குள் நான் குளிர்க்கோட்டைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி 23

எமரி மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கி வருகிறான்.

கொரின் கடைக்குப் போயிருந்தாள். அவனுக்கு அவரையும் சோளரொட்டியும் எடுத்து வைத்துவிட்டு, "காலைக் காட்டு" என்றேன்.

"நான் குதிரை இல்லப்பா."

"குதிரையா இருந்தா கேக்காமயே பாத்திருப்பேன்."

சிரித்தான். பிறகு இடது காலை நாற்காலிமேல் வைத்தான். தொட்டேன். கெண்டைக்குக் கீழே, குதிகால் நரம்பு தொடங்குகிற இடத்தில் கல் போல இருந்தது. சூடாகவும் இருந்தது.

ஒரு பிடிப்புதான் என்கிறான். இடது எது வலது எது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் இரண்டிலும் உறை. எல்லா அணியிலும் செய்கிற வேலையாம். தினமும் காலையில் ஒரு இரும்புத் தகட்டின்மேல் குதிக்கச் சொல்வார்கள், எந்தக் கால் எவ்வளவு உந்துகிறது என்று அது காட்டும். அதற்காக நல்ல காலையும் அடக்கிக் குதிக்கிறானாம். தகட்டையே ஏமாற்றிவிட்டதாகப் பெருமை வேறு.

"நாம விரிச்சு நின்னா எதிர் டீம்காரனும் விரிச்சு நிக்கிறான்ல" என்றான். "அவன் மூலைக்கு எறிஞ்சா நான் ஓடணும். நின்னு, திரும்பி, மறுபடி ஓடணும். முன்னாடி ஒரு ஆட்டம் முழுக்க ஓடுனதைவிட இப்ப கால்வாசி ஆட்டத்துலயே அதிகமா ஓடுறேன்."

வெளியே தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது. முப்பத்து நாலு வயதில், கெட்ட காலோடு இருப்பவனை எந்த ஊர் அணி கூப்பிடும்? "இந்த ஒரு வருஷம். இந்த டீம் கடைசி வரைக்கும் போகும்பா. எனக்கு அதைப் பாக்கணும், உள்ள இருந்து. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 2

நேற்று நான் அரங்கில் இருந்தேன்.

ஆட்டம் அவ்வளவு அழகு. பந்து ஒருவன் கையிலும் நிற்கவில்லை. உள்ளே போனது, வெளியே வந்தது, மூலைக்கு, மறு மூலைக்கு. தடுக்கிறவர்கள் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடும்போதே அது வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

பிறகு ரஷாத். பக்கத்தில் யாரும் இல்லை. மூலையில் நின்றவனைத் தடுத்துவிட்டுத் திரும்ப ஓட ஒரு காலை ஊன்றினான். நின்றான். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. யார் உதைத்தது என்று அவன் தேடிக்கொண்டே இருந்தான். பிறகுதான் உட்கார்ந்தான்.

இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று நேற்றுத் தெரிந்தது.

எமரி ரஷாத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிப்ரவரி 3

குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. ரஷாத்துக்கு இந்த வருடம் முடிந்தது. அடுத்த வருடமும் போய்விடலாம். ஆட்டத்தில் நாம்தான் ஜெயித்தோம் என்று செய்தித்தாளில் இருக்கிறது. நானே வாசித்தேன், யாரிடமும் கேட்காமல்.

பிப்ரவரி 12

மழை நிற்கவில்லை. ஓஹியோ ஆறு பழுப்பாக, வேகமாகப் போகிறது.

இந்த ஆட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இவ்வளவு நன்றாகப் புள்ளி எடுத்த அணிகள் குறைவு, அதில் நம் அணியும் ஒன்று என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். கொரினுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு சொல்லில்தான் தடுமாறினேன்.

அவள் கேட்டுவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "ஐஸ் தீர்ந்துக்கிட்டே இருக்கு மாமா."

"ம்."

"நான் கேக்கல. அவரும் சொல்லல. தெனமும் ரெண்டு பை வாங்கிட்டு வந்து வைக்கிறேன்."

ஆக, இந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று பேரும் மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 20

நான் ஒரு கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டேன். சிறுவர் புத்தகம்தான். நாய் பிழைத்துக்கொண்டது.

மார்ச் 3

எழுதாமல் இருக்க முடியவில்லை.

எமரியின் காலணி நுனி கோட்டில் படுகிறது.

மூன்று புள்ளி வளைவுக்கு வெளியே நின்று எறிந்தால் மூன்று. நுனி கோட்டில் பட்டாலே இரண்டுதான். தூரம் முழுவதும் எறிந்துவிட்டு ஒரு புள்ளியைத் தூக்கிப் போடுகிற வேலை. இந்த அணியில் அதைவிடக் கேவலம் கிடையாது. கல்லறையிலிருந்து எறிந்தாலாவது டோனட் கிடைக்கும் என்பார்கள்.

எமரி ஒருநாளும் கீழே பார்க்க மாட்டான். கால் தானாகப் போய் வெளியே நிற்கும். நேற்று இரண்டு தடவை நுனி கோட்டில். அதற்கு முந்தைய ஆட்டத்திலும் ஒரு தடவை. பின்னால் ஒரு சிறு எட்டு வைக்க இடது காலை உந்த வேண்டும். அவன் உந்தவில்லை. உந்தப் பயப்படுகிறான். நேற்று இரண்டாவது தடவை எறிவதற்கு முன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவ்வளவு பேர் நடுவில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, காலைப் பார்த்தான்.

கோச் எழுந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

ரஷாத் திரும்பிப் பார்த்ததுதான் கண் முன்னால் நிற்கிறது.

மார்ச் 4

வாக்கை மீறினேன்.

காலையில் பேருந்து பிடித்துப் பயிற்சி அரங்குக்குப் போனேன். எந்தப் பேருந்து என்று பலகையில் வாசித்தே ஏறினேன், அந்தச் சந்தோஷம்கூட இன்று வரவில்லை. அணிப் பையன்களின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற க்வென் என்ற பெண், அவளுடைய அறையில் தனியாக இருந்தாள். நல்ல பெண். என்னை உட்கார வைத்தாள்.

"எமரியோட இடது கால்" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "தெரியும் ஐயா."

"என்ன தெரியும்?"

"ஜனவரியிலேருந்தே தெரியும். தகடு சொல்லுது. ரெண்டு காலையும் அடக்கிக் குதிச்சா, அதுவும் தகட்டுக்குத் தெரியுமே. இப்ப கோட்டுல படுறது வேற. மேல எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் ஆட விடுறீங்க?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கேன்னு அவர் சொல்றாரு. தெனமும் கேக்குறேன் ஐயா. தெனமும் அதையே சொல்றாரு. அவர் வாயால வலிக்குதுன்னு சொன்னா நான் அன்னிக்கே நிறுத்திடுவேன். சொல்லாதவரைக்கும்... அவர் அங்க நின்னா பந்து நல்லாப் போகுது. எத்தனை ஆட்டம் தாங்கும்னு ஒரு கணக்கு போட்டிருக்காங்க. அந்தக் கணக்கு என்னோடது இல்ல."

"எத்தனை?"

அவள் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எமரியிடம் சொன்னேன். கொரினும் இருந்தாள். நீ யாரையும் ஏமாத்தலடா. அவங்களுக்கு முதல்லேருந்தே தெரியும். நீ மறைக்கிறே, அவங்க தெரியாத மாதிரி இருக்காங்க. அவங்களுக்கு உன் கால் வேணாம்டா, நீ அங்க நின்னா போதும்... இப்படித்தான் கத்தினேன். நான் கத்துகிறவன் இல்லை.

அவன் முதலில், "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேனே" என்றான். பிறகு மெதுவாக, "ஜனவரியிலேருந்தா?" என்றான்.

"ஜனவரியிலேருந்து."

எழுந்து மாடிக்குப் போனான். ஒவ்வொரு படியாக.

மார்ச் 5

பேசவில்லை. அவனும். நானும்.

மார்ச் 7

அவனே போய் க்வெனிடம் வலிக்கிறது என்று சொல்லிவிட்டான். காலை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நரம்பு கிழியத் தொடங்கியிருந்தது. அறுந்துவிடவில்லை. கொரின் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் பைகளை எல்லாம் தொட்டியில் கொட்டினாள்.

எமரி என்னிடம் இன்னும் பேசவில்லை.

மார்ச் 10

எமரியின் மூலையில் இன்று வெஸ்லி என்று ஒரு பையன் நின்றான். கீழ்மட்ட அணியிலிருந்து போன வாரம் கூப்பிட்டுக்கொண்ட பையன். காது பெரிது. இருபத்திரண்டு வயதிருக்கும்.

எமரியும் நானும் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். பந்து உள்ளே போனது, வெளியே வந்தது, மூலைக்கு. வெஸ்லி எறிந்தான். மூன்று. அடுத்த தடவையும் அதே வழி, அதே கை, அதே மூலை. எமரிக்கு வந்திருக்க வேண்டிய பந்துகள் வழி தவறாமல் வெஸ்லியிடம் வந்துகொண்டிருந்தன. அவன் முகத்தை யாரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, அங்கே ஒருவன் இருப்பான்.

நூற்று முப்பத்து நாலு. எமரி இருந்தபோது எடுத்ததைவிட அதிகம்.

எமரியைப் பார்த்தேன். ஆறு நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினான்.

"சரியாத்தான் நிக்கிறான்."

ஏப்ரல் 9

ஆறு ஏறி, கரையோரச் சாலை மூழ்கிவிட்டது. கம்பங்களின் பாதிவரை தண்ணீர். ஊர் முழுக்க அணிக் கொடிகள். கோப்பைக்கான முதல் சுற்று தொடங்கப் போகிறது.

கோச் தொலைபேசியில் பேசினார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. மென்மையான குரல். "நீயே வந்து சொன்னது நல்லதாப் போச்சு எமரி. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."

"எவ்வளவு நாள் காத்துக்கிட்டிருந்திருப்பீங்க?"

அந்தப் பக்கம் பயிற்சி நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது, காலணிகளின் கீச்சொலி. எமரி கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியைக் கீழே வைத்தான்.

மே 6

இரண்டாம் சுற்றும் ஜெயித்தாகிவிட்டது. எனக்குக் கொண்டாட வேண்டும் போலத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள், பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஆடுகிறார்கள்.

பாதி ஆட்டத்தில் எமரி தொலைக்காட்சிக்கு அருகில் போய் நின்றான். வெஸ்லி இரண்டு கெண்டைக்காலிலும் கறுப்பு உறை மாட்டியிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் எமரி அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எமரி தொலைபேசியை என்னிடம் நீட்டினான். "நீங்களே படிங்கப்பா."

படித்தேன். 'நல்லா இருக்கேன் அண்ணா. சந்தோஷமா இருக்கேன். வாழ்க்கைல இப்படி இருந்ததே இல்ல.'

எளிய சொற்கள்தான். ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். வாசிக்கக் கற்காமலே இருந்திருக்கலாமோ என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோன்றியது.

மே 7

எமரி காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு வெஸ்லி வீட்டுக்குப் போனான். வெஸ்லி வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டானாம். "என் இடத்தைத் திரும்பக் கேக்க வந்திருக்கேன்னு நினைச்சுட்டான்" என்றான் எமரி.

அதற்குப் பிறகு க்வெனை அழைத்துப் பேசினான். "வெஸ்லியும் தெனமும் நல்லா இருக்கேன்னுதான் சொல்றானாம்" என்றான்.

ஜூன் 1

வெயில். ஆறு இறங்கிவிட்டது.

எமரியும் நானும் நடைபாலத்தில் அக்கரைவரை போனோம். வளைந்து ஏறும் சரிவில் நான்தான் மூச்சு வாங்கினேன், அவன் இல்லை. ஏறும்போது இடது குதிகாலை முழுதாக ஊன்றினான். பின்னால் வந்துகொண்டே நான் அதைத்தான் பார்த்தேன்.

இன்னும் எந்த ஊர் அணியும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடுமா என்று நானும் கேட்பதில்லை.

பாலம் முழுக்க அணியின் சட்டை போட்ட கூட்டம். இன்று மாலை இறுதிச் சுற்று தொடங்குகிறது. வெஸ்லி ஆடுகிறான் என்று காலைச் செய்தியில் இருந்தது. பாலத்தின் நடுவில் ஒரு இளம் கணவனும் மனைவியும், இரண்டு பேரும் அதே சட்டையில், கம்பிமேல் தொலைபேசியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். எமரி அவர்களுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆறடி ஏழங்குலம். படத்தில் வேறென்ன தெரியும்?

அந்தப் பெண் திரும்பி, சிரித்துக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? ஆறு முழுசா தெரியணும்" என்றாள்.

யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"நில்லுங்க, நில்லுங்க" என்று எமரி பக்கவாட்டில் திரும்பி இரண்டு எட்டு பின்னால் வைத்தான். இடது காலை உந்தித்தான் வைத்தான். "இப்ப சரியா?"

"சரி" என்றாள் அவள்.